தண்ணீருக்குத் தவிக்கும் தேக்கு

பம்பாய் கொலாபாவில் ஒரு பட்டறையில் ஏரா (படகின் அடிமரம்) வைத்து, 1964 டிசம்பரில் கடலில் இறக்கிய பாய்மரப் படகு சுஹைலி. 32 அடி நீளம், தேக்குப் பலகைகள், கட்டியவர்கள் நம் நாட்டுத் தச்சர்கள். வணிகக் கப்பல் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து அதில் தனியாகக் கிளம்பினார். எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து அதே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் அப்படியொரு பயணத்தை எவரும் முடித்ததில்லை.

தென்பெருங்கடலின் அலைகளுக்கு ஈடுகொடுத்த அந்தப் படகை 1997-இல் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மழை இல்லை, உப்பு இல்லை, அலை இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பில்தான் படகு நலிந்தது. உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்கத் தொடங்கவே, 2002-இல் உரிமையாளரான நாக்ஸ்-ஜான்ஸ்டனே அதை வெளியே கொண்டுபோய்விட்டார். துருப்பிடித்த இரும்புப் பிணைப்புகளை மாற்றிச் செப்பனிட்டு, 2016-இல் மறுபடி நீரில் இறக்கினார்.

வெட்டி அறுத்த பிறகும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் நிலைக்குள் இறுகிக்கொள்ளும் கதவு நமக்குத் தெரியும். படகிலும் அதே வேலைதான் நடக்கிறது, அளவுதான் பெரிது. நீரில் ஊறிய மரத்தில், அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 28 விழுக்காடு ஈரம் சேரும்போது நார்ச்சுவர்கள் நிறைந்துவிடுகின்றன. காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருந்தால் மரத்தில் தங்குவது சுமார் 13 விழுக்காடு. காற்று 40-க்கு இறங்கினால் மரத்தின் ஈரம் எட்டுக்கும் கீழே போகும். நார்ச்சுவரிலிருந்து நீர் வெளியேறும் அளவுக்கு மரம் ஒடுங்குகிறது. நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இருக்காது, குறுக்கேதான் சுருங்கும்.

தேக்கு அதிகம் சுருங்காத மரம் என்று பேர் வாங்கியது. அதுவே முழு ஈரத்திலிருந்து முழு உலர்வுக்குப் போனால் ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 விழுக்காடும் சுருங்கும். 15 செ.மீ. அகலப் பலகை ஒன்று நீரிலிருந்து வறண்ட காற்றுக்கு வந்தால், அதை அறுத்த விதத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வரை குறையலாம். ஒரு பக்கத்தில் பத்துப் பலகை இருந்தால் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த இடைவெளியைக் கட்டுப்படுத்தத்தான் கலப்பற்று. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் முறுக்கிய பஞ்சுத்திரியை மழுங்கிய உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் குழைத்த பசையைப் பூசுவார்கள். நீரில் இறங்கியதும் பஞ்சும் ஊதும், பலகையும் ஊதும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கி நீரை நிறுத்துகின்றன. படகை அடைப்பது தண்ணீரேதான். சுஹைலியில் பயணத்தின் தொடக்கத்திலேயே ஏராவை ஒட்டிய இணைப்பு ஒன்று ஒழுக ஆரம்பித்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடு அட்லாண்டிக்கில் குதித்து, மூச்சடக்கி மூழ்கி மூழ்கிப் பஞ்சும் கித்தானும் வைத்து ஆணியடித்து, மேலே செப்புத் தகடும் பொருத்தினார். இடையில் சுற்றிவந்த சுறாவைத் துப்பாக்கியால் சுட வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் பயணத்தில் மிக வியப்பான வேலை இதுதான்.

இனி சென்னையின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வருவோம். கடலிலிருந்து நேர்க்கோட்டில் 15 முதல் 22 கி.மீ. வரை உள்ளே இருக்கும் ஊர்கள். கோடையில் மெரினாவில் கடற்காற்று வீசத் தொடங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் இங்கே எட்டிப் பார்க்கும். அதுவரை மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. பழைய மரப் படகு ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி, வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்திச் செப்பனிட நினைப்பவர் முதலில் எண்ண வேண்டியது இந்தக் காற்றைத்தான். நேரடி வெயில் படும் பக்கம் ஒரே மே மாதத்தில் பிளந்துவிடும். கீற்றுக் கொட்டகை போட்டு, உள்ளே ஈரச் சாக்குகளைப் பரப்பி, மரம் மெதுவாக உலரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏராவின் கீழே கான்கிரீட் கட்டைகள், இரு பக்கமும் முட்டுகள். நீர் எல்லாப் பக்கமும் தாங்கிய எடையைத் தரையில் சில இடங்கள் மட்டுமே தாங்குவதால், முட்டு தவறினால் படகின் வடிவமே கோணிவிடும். கடலில் இல்லாத கரையானும் இங்கே உண்டு. தேக்கின் வைரத்தை அது எளிதில் தொடாது. வேறு மரத்தில் போட்ட பலகையையும், விலா எலும்புபோல் பலகைகளைத் தாங்கும் வங்கையும் விட்டுவைக்காது.

பிளவைப் பார்த்ததும் கெட்டியாக எதையாவது ஊற்றி அடைக்கத் தோன்றும். படகுக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. உலர்ந்து விரிந்த இணைப்பில் இறுகும் பசையை நிரப்பிவிட்டால், நீரில் இறங்கியதும் ஊதும் பலகைக்கு இடம் இருக்காது. ஊதும் மரத்தின் விசை சாதாரணமானதல்ல: அது ஆணிகளைப் பிடுங்கும், வங்குகளை முறிக்கும். எதுவும் இளகாவிட்டால் மரத்தின் உயிரணுக்கள் தாமே நசுங்கும். நசுங்கியவை மீளாது, அடுத்த முறை உலரும்போது பலகை பழைய அளவைவிடவும் ஒடுங்கிப்போகும். அனுபவமுள்ள தச்சர் கலப்பற்றை இளக்கமாக அடித்து, படகை நீரில் இறக்கி, ஓரிரு நாள் ஒழுகவிட்டு இறைத்துக்கொண்டே காத்திருப்பார்.

நமது மதராசுக் கரையிலேயே இன்னொரு வழி இருந்தது. துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். வங்கு இல்லை, ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது உடம்பு முழுதும் வளைந்து கொடுக்கும். கயிறு நைந்தால் பிரித்துத் தைத்துவிடலாம்.

உளுத்தல் தனிக் கதை. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் ஒருசேர வேண்டும். சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இருந்தால் அது வளராது. முழுக்க நீரில் மூழ்கிய மரத்திலோ மூச்சுக்கு வழியில்லை. உப்பும் அதற்கு ஆகாது. 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் கப்பல் தச்சர்கள் வங்குகளின் இடைவெளியில் கல்லுப்பை நிரப்பியது இதனால்தான். ஆக, கடலில் ஓடும் படகை உளுக்க வைப்பது பெரும்பாலும் மழைநீர்: மேல்தளத்தின் மூலையில் தேங்கி, வெளியேற வழியின்றி ஊறும் நன்னீர். ஐப்பசி, கார்த்திகையில் கவனிக்காமல் விட்ட படகில் முதலில் கெடுவது மேல்பகுதிதான், அடிப்பாகம் அல்ல. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்த இடம் மொத்தென்று கேட்கும். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டை ஒன்றுக்கு எட்டு என்ற சாய்வில் சீவி ஒட்டினால், ஒட்டும் பரப்பு நீண்டு, இணைப்பு பலகையின் வலிமையை நெருங்கும். தேக்கு இதற்கெல்லாம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதன் உள்ளே இருக்கும் எண்ணெயும், டெக்டோகுவினோன், லபச்சோல் போன்ற வேதிப்பொருள்களும்.

அடிப்பாகத்துக்கு வேறொரு எதிரி: மரத்தைத் துளைக்கும் டெரிடோ. பார்வைக்குப் புழு, உண்மையில் சிப்பி இனம். தலைமுனையில் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தை அராவிக்கொண்டே போகும். செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செல்லுலோசைச் செரிக்கும் நொதிகளைச் செய்து தருகின்றன. நீரில் கரைந்த நைட்ரஜனையும் உணவாக்கித் தருகின்றன. கொலம்பஸின் நான்காம் பயணத்தில் மிஞ்சிய கப்பல்களை 1503-இல் ஜமைக்காக் கரையில் ஏற்றிக் கைவிட வைத்தது இதுதான். ஆவடி வரை வந்து சேர்ந்த படகில் அது உயிரோடு இருக்காது. ஆனால் வெளியே குண்டூசித் தலையளவு துளையும் உள்ளே விரல் பருமன் சுரங்கமுமாக அது விட்டுச்சென்றதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இன்று பழைய படகு கிடைத்தால் அது ஃபைபராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் நோய் மரத்துக்கு நேர்மாறு. கண்ணாடி இழைகளின் மேல் பூசிய பாலியெஸ்டர் ரெசின் முழுக்க நீர்புகாதது அல்ல. ஆண்டுக்கணக்கில் நீரில் கிடந்தால் மூலக்கூறு மூலக்கூறாக நீர் உள்ளே போகும். ரெசினின் பிணைப்புகளைச் சிதைத்து அமிலங்களையும் கிளைக்கால்களையும் உண்டாக்கும். அந்தக் கரைசல் சவ்வூடு பரவலால் இன்னும் நீரை இழுக்க, மேல்பூச்சு கொப்புளமாகப் புடைக்கும். குத்தினால் புளித்த காடியின் வாடையோடு நீர் பீய்ச்சும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடக்கூடாது. மருந்து: கொப்புளங்களைத் திறந்து, நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவி, மாதக்கணக்கில் உலரவிட்டு, எபாக்ஸி பூசுவது. கழுவாமல் உலர்த்தினால் ஆவியாகாத கிளைக்கால் உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னும் நீரை இழுக்கும்.

தேக்குக்குப் பகையான ஆவடி வெயில் இங்கே பெரும் துணை. கடலோரத்தில் ஆறு மாதம் கிடந்தாலும் உலராத ஃபைபர் இங்கே விரைந்து உலரும். இழைப்பாயும் ரெசினும் கையாளத் தெரிந்த பட்டறைக்காரர்களை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் விசாரிக்கலாம். பொங்கல் கழிந்ததும் கொப்புளங்களைத் திறந்துவிட்டால் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் உலர்த்தலுக்குக் கிடைக்கும். பூசும் வேலையை அதிகாலையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் உச்சி வெயிலில் கலந்த ரெசின் தன் சூட்டிலேயே கிண்ணத்தில் இறுகிவிடும். பனி ஈரம் படிந்திருந்தால் எபாக்ஸியின் மேல் பிசுக்கு ஏறி அடுத்த பூச்சு ஒட்டாது. துடைத்து, பரப்பு உலர்ந்த பிறகே தூரிகையை எடுக்க வேண்டும். கடைசிப் பூச்சு புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும்.