ஷெர்லி அட்டை

ஷெர்லி அட்டை என்பது வண்ண ஒளிப்படங்களை அச்சிடும் கூடங்களில் நிறச் சமநிலையைச் சரிபார்க்கப் பயன்பட்ட மாதிரிப் படம் ஆகும். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950களில் இதனை வழங்கத் தொடங்கியது. முதலில் மாதிரியாக அமர்ந்தவர் அந்நிறுவன ஊழியர் ஷெர்லி பேஜ். பின்னர் வேறு பெண்கள் அமர்ந்தபோதும் பெயர் மாறவில்லை. பல பத்தாண்டுகள் அவர்கள் வெள்ளையராகவே இருந்தனர் என்பதும் மாறவில்லை.

அச்சுக்கூடப் பணியாளர் அட்டையுடன் வந்த நெகட்டிவை முதலில் அச்சிட்டு, மூல அட்டையுடன் ஒப்பிடுவார். அப்பெண்ணின் தோலில் பச்சையோ சிவப்போ மிகுந்திருந்தால் இயந்திரத்தின் நிற அளவுகளை மாற்றுவார். தோல் சரியாக வந்த பின் வாடிக்கையாளர்களின் படங்களும் அதே அமைப்பில் அச்சாகும். பணியாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கறுப்பு, பழுப்பு முகங்களில் நேரும் பிழை தெரியவராது. கவனம் முழுவதும் அந்த ஒரு முகத்தின் மீதே இருந்தது.

குறை படச்சுருளிலும் இருந்தது. ஒரே படத்தில் வெளிச்சத்தையும் இருளையும் பதிவு செய்யச் சுருளுக்கு ஓர் எல்லை உண்டு. வெள்ளை, கறுப்பினக் குழந்தைகள் சேர்ந்து நின்ற பள்ளிக் குழுப்படங்களில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. வெள்ளை முகத்துக்கு ஏற்ப ஒளியை அமைத்தால், கறுப்பினக் குழந்தையின் கண்களும் பற்களும் மட்டுமே தெரிந்தன. மூக்கும் கன்னமும் இருளில் கரைந்தன. வகுப்புப் படத்தில் தன் முகத்தையே தேட வேண்டியிருந்த பிள்ளைக்கு இது வெறும் தொழில்நுட்பக் குறையாகவா தோன்றியிருக்கும்? பெற்றோர் முறையிட்டும் உடனடியாக மாற்றம் வரவில்லை.

கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர் லோர்னா ராத் கோடாக்கின் முன்னாள் அலுவலர்களிடம் பேசி, 2009ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன்படி, நிறுவனத்தை அசைத்தவர்கள் சாக்லேட், மரச்சாமான் உற்பத்தியாளர்கள். விளம்பரப் படங்களில் கறுப்புச் சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் ஒன்றுபோல் தெரிகின்றன, மர வகைகளின் நிற வேறுபாடு தெரியவில்லை என்பது அவர்கள் குறை. அதன் பின்னரே பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும் சுருள்களில் அக்கறை பிறந்தது. வேதியியல் தடையாக இருக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். 1980களில் வந்த கோல்ட் வகைச் சுருளை, மங்கிய ஒளியில் நிற்கும் கருங்குதிரையையும் நுணுக்கமாகப் படம்பிடிக்க வல்லது என்று கோடாக் விளம்பரப்படுத்தியது. கறுப்பு மனிதர் என்று சொல்லாமல் குதிரையைச் சொன்னது கவனிக்கத்தக்கது.

1990களின் நடுவில் வெள்ளை, கறுப்பு, ஆசிய இனப் பெண்கள் மூவரும் சேர்ந்து அமர்ந்த அட்டை வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் டிஜிட்டல் கேமராக்கள் பரவியதால் அட்டைக்கே தேவை குறைந்தது. சிக்கல் தீரவில்லை, கருநிறத் தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே கூகுள் நிறுவனம் 2021ல் தன் பிக்சல் 6 கைப்பேசியில் ரியல் டோன் என்னும் வசதியைச் சேர்த்தது.