அலைப்பலகையின் அளவு

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலை மலைகளிடையே வளர்ந்தோர்க்குக் கடல் தொலைவானது. ஆயினும் பதுளை வழியாகக் கிழக்கே இறங்கிப் பொத்துவிலை அடைந்தால், அருகிலேயே அறுகம் குடா. ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை அங்கே அலைச்சறுக்குப் பருவம். முதன்முறையாகச் செல்லும் மலையக இளைஞன் எந்தப் பலகையை வாடகைக்கு எடுப்பது?

குறுகிய, கூர்முனைப் பலகையே கண்ணைக் கவரும். ஆனால், விலக்கும் நீரின் எடையளவுக்கே எப்பொருளும் பாரம் தாங்கும். 60 கிலோ எடையுள்ளவர் 30 லீற்றர் கொள்ளளவுள்ள ஆறடிப் பலகையில் படுத்தால் அது அமிழும். புதியவர் கை வலித்து அலையின் வேகத்தை எட்டுவது கடினம். 70 லீற்றருக்கு மேற்பட்ட, அகன்று தடித்த ஒன்பதடிப் பலகையோ நன்கு மிதக்கும். அலையை எளிதில் பற்றும். எழுந்து நிற்க நிலைகொடுக்கும். அதன் மேற்புறம் மென்மையாயின் அடிபடினும் காயம் குறைவு.

உடையாத அலையைப் பற்றி, இருபுறமும் திருப்பப் பழகிய பின்னரே நீளத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். சிறுபலகை விரைந்து திரும்பும். மிதப்பை இழந்தே அவ்விரைவைப் பெறுகிறது.

எனினும், பெரும்பலகையும் உயிர்க்காவலன்று. காலிற் கட்டிய கயிறு அறுந்தால் பலகை கரைக்குப் போகும். ஆள் கடலில் நிற்பான். ஆகவே முதலில் நீச்சல், அடுத்துப் பெரும்பலகை, ஈற்றிலேயே சிறுபலகை.