முன் டயரை மாற்றும் முன்

கோடை நெருங்கினால் போதும், நம் சங்கத்து இளைஞர்களிடையே லடாக் பேச்சு தொடங்கிவிடும். மணாலி வழியா, ஸ்ரீநகர் வழியா என்ற விவாதம் ஒருபுறம். மோட்டார் சைக்கிளில் எதை எதை மாற்றுவது என்ற விவாதம் மறுபுறம். பெட்டி மாட்டுவார்கள், விளக்கு மாட்டுவார்கள். கூடவே, முன் சக்கரத்துக்குச் சற்றுத் தடித்த டயராகவும் போட்டுக்கொள்வார்கள். பார்வைக்குக் கம்பீரம், கடைக்காரரும் "இதே ரிம்முக்குச் சேரும் சார்" என்கிறார். ரிம்முக்குச் சேரலாம். வண்டிக்குச் சேருமா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை சொல்ல, சென்னையில் தயாரான இரண்டு வண்டிகளே போதும். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் ஹிமாலயன் வண்டியைக் கொண்டு வந்தது. மலைப் பாதைக்கென்றே உருவானதால் அதன் முன் சக்கரம் 21 அங்குலம். 2022-இல் அதே இன்ஜினையும் அதே சட்டத்தையும் வைத்து, நகரச் சாலைகளை மனத்தில் கொண்டு ஸ்கிராம் 411 என்ற வண்டியை வெளியிட்டது. இதன் முன் சக்கரம் 19 அங்குலம். பின் சக்கரம் இரண்டுக்கும் ஒரே அளவு.

சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை. முன் ஷாக் அப்சார்பர் அமுங்கும் தூரம் 200 மி.மீ.யிலிருந்து 190 ஆயிற்று. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 220-லிருந்து 200 ஆயிற்று. இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரமும் 1465 மி.மீ.யிலிருந்து 1455 ஆகக் குறைந்தது. முன் சக்கரம் மாறினால் அதைச் சுற்றியுள்ளவையும் மாறியாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டயரின் எழுத்தைப் படிப்போம்

டயரின் பக்கவாட்டில் 90/90-21 என்று இருக்கிறது. முதல் எண், டயரின் அகலம் 90 மி.மீ. என்கிறது. இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவிகிதம், அதாவது 81 மி.மீ. என்கிறது. மூன்றாவது எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 90/90-19 டயரைக் கழற்றிவிட்டு 100/90-19 போட்டால் அகலம் மட்டும் கூடுவதாக நினைக்கிறோம். உயரம் அகலத்தின் விகிதமாக இருப்பதால், பக்கச்சுவரும் 81-லிருந்து 90 மி.மீ. ஆகிறது. வண்டியின் முன்பாகம் 9 மி.மீ. எழும்பிவிடுகிறது! சிறுவிரல் அகலம் கூட இல்லைதான். ஆனால் வண்டி அதை உணர்ந்துகொள்ளும்.

தள்ளுவண்டிச் சக்கரம் சொல்லும் பாடம்

விமான நிலையத் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். தள்ளும்போது அது தன் அச்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தானாகவே நேராக ஓடும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரமும் அப்படித்தான். ஹேண்டில் பார் திரும்புகிற தண்டின் வழியே ஒரு கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். சாதாரணச் சாலை வண்டிகளில் இது 100 மி.மீ.யை ஒட்டியிருக்கும். கையை விறைப்பாகப் பிடிக்காமலே வண்டி நேராகப் போவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

டயரின் ஆரம் கூடினால் டிரெயில் கூடும். முன்பாகம் எழும்புவதால் ஃபோர்க் இன்னும் சற்றுப் படுத்து, டிரெயிலை மேலும் கூட்டும். ஃபோர்க் 26 டிகிரி சாய்ந்த வண்டி என்று வைத்துக் கணக்குப் போட்டால், மேலே சொன்ன 9 மி.மீ. உயர்வு டிரெயிலை ஏறத்தாழ 7 மி.மீ. கூட்டுகிறது. நேர்சாலையில் வண்டி ரயில் போல நிதானமாகப் போகும். ஆனால் திருப்பங்களில் சோம்பல். சாய்க்க அதிகம் அழுத்த வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வரும்போது, வழக்கமான அழுத்தத்துக்கு வண்டி வழக்கம்போல் திரும்பாது. பின்னால் மனைவியோ குழந்தையோ அமர்ந்திருக்கும்போது இந்தக் கண நேரத் தாமதம் சிறிய விஷயமல்ல.

சிறிய டயர் போட்டால் கதை தலைகீழ். வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் வேகம் கூடும்போது ஹேண்டில் பார் படபடக்கலாம்.

இன்னொன்று: குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பிவிடும். அகலம் கூடினால் பிடிமானம் கூடும் என்று நாம் செலவழித்த பணம் அங்கேயே வீண்.

ஷாக் அப்சார்பரின் பங்கு

டயரும் ஒரு ஸ்பிரிங்தான். பக்கச்சுவர் உயரமானால் சிறு கற்களை அதுவே விழுங்கிவிடும். ஆனால் டயர் கனமாகும்போது, குழியில் இறங்கி ஏறும் சக்கரத்தை அடக்க ஃபோர்க் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

எழும்பிய முன்பாகத்தைத் தாழ்த்த, ஃபோர்க் குழாய்களை அவற்றின் பிடிகளில் 9 மி.மீ. மேலே தள்ளிக் கட்டும் வழி உண்டு. பல வண்டிகளில் அதற்கு இடமே இருக்காது. இடமிருந்தாலும் ஒரு கணக்கு மறந்துபோகிறது. குழாய் 9 மி.மீ. மேலேறியது, டயர் 9 மி.மீ. வளர்ந்தது, ஆக, பெரிய குழியில் ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயர் கீழ்ப்பிடிக்கு 18 மி.மீ. நெருங்கிவிடும். மட்கார்டை உரசினால் ஓடுகிற சக்கரம் நின்றுபோகும். பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

மாற்றியே தீர வேண்டும் என்பவர்கள் இவற்றையாவது பாருங்கள்.

1. ரிம்மின் அகலத்துக்கு எந்த அளவு டயர் ஏற்றது என்பதை, டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. முன் ஃபோர்க்கை முழுதாக அமுக்கிப் பார்த்து, டயர் எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.

3. குழாய் வெளியே தெரியும் வண்டியானால் அதில் ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டி, நீங்கள் ஏறி அமரும்போது எவ்வளவு அமுங்குகிறது என்று அளவெடுங்கள். மொத்தத் தூரத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சரியானது.

4. கோன் செட்டில் ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். அதன் குறையை டயரின் தலையில் போடாதீர்கள்.

5. வேகமானியை முன் சக்கரம் இயக்கும் வண்டிகளில், மேற்சொன்ன மாற்றத்தால் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 62-ஐ நெருங்கியிருக்கும். 2019 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் கட்டாயமான ஏ.பி.எஸ். பிரேக்கும் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே வேலை செய்கிறது. அளவு மிகவும் மாறினால் அதன் கணக்கும் பிசகும்.

6. புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 100 கிலோமீட்டராவது நிதானம் தேவை.

லடாக் போவதற்கு நல்ல டயர் அவசியந்தான். அதற்கு அளவை மாற்ற வேண்டியதில்லை. அதே அளவில், கற்பாதைக்கேற்ற ஆழமான பொத்தான்கள் கொண்ட டயரை வாங்கி, சரியான காற்றழுத்தம் வைத்தால் போதும். கம்பீரம் டயரின் தடிமனில் இல்லை. போனவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதில் இருக்கிறது.