மலை யாத்திரைக்கு ஏற்ற டிரான்சிஸ்டர்

கோடை விடுமுறையில் நம் சங்க அன்பர்கள் பலர் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து பத்ரி, கேதார் யாத்திரை கிளம்புகிறார்கள். செல்போன் இருக்க ரேடியோ எதற்கு என்று கேட்கலாம். 2013 ஜூனில் கேதார்நாத் பகுதியில் வெள்ளம் வந்தபோது பல இடங்களில் தொலைபேசித் தொடர்பே அற்றுப்போனது. அருகிலுள்ள டவர் நின்றால் செல்போனும் நின்றுவிடும். ரேடியோவுக்கோ தொலைவில் ஒரு நிலையம் இயங்கினால் போதும்.

பண்பலை மட்டும் எடுக்கும் செட் வேண்டாம். குறுக்கே மலை நின்றால் பண்பலை பெரும்பாலும் எட்டாது. மத்திய அலை தரையை ஒட்டி வளைந்து வரும். இரவில் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவு செல்லும். சிற்றலையும் இருந்தால் உத்தமம்.

டிஜிட்டல் செட் என்றால் மத்திய அலையில் 9 கிலோ ஹெர்ட்ஸ் படியில் நகர வேண்டும். நம் நாட்டு நிலையங்களின் இடைவெளி அதுவே. அமெரிக்காவில் அது 10. அங்கிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் செட்டில் மாற்றும் வசதி உண்டா என்று பாருங்கள்.

பென்சில் செல் போடும் செட்டே நல்லது. சிறிய கடையிலும் செல் கிடைக்கும். குளிரில் செல் சோர்ந்துவிடும். இரவில் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அலைக்கான ஆன்டெனா செட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. கம்பியை நீட்டிப் பயனில்லை. செட்டையே மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

ஆகாசவாணியின் மத்திய அலை நிலையங்கள் சில மூடப்பட்டுவிட்டன. எனவே போகும் பகுதியில் எது ஒலிக்கிறது என்று விசாரித்து, அலைவரிசையையும் செய்தி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்தி இந்தியில் வரும். பெரியவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். கனமழை எச்சரிக்கை என்றால் அன்று மேலே ஏற வேண்டாம்.