பதிவிறக்கிய படம் ஏன் பாதியில் பூட்டிக்கொள்கிறது?

ஊருக்குப் புறப்படும் நாளில், திறன்பேசியில் இறக்கி வைத்த படம் சரியாக ஓடுகிறதா என்று சாங்கி விமான நிலையத்தில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நெட்ஃபிளிக்சில் சில படங்களுக்கு, முதன்முறை ஓடவிட்டதிலிருந்து 48 மணி நேரம்தான் கெடு. மூன்றாம் நாள் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்தால், காலாவதியாகிவிட்டது என்ற அறிவிப்புதான் வரும்.

படம் பேசிக்குள் இருந்தும் ஏன் ஓடவில்லை? இறக்கிய கோப்பு பூட்டிய பெட்டி மாதிரி. அதற்கான சாவி நிறுவனத்தின் கணினியிலிருந்து தனியாக வருகிறது. எத்தனை நாள் செல்லும் என்பதும் சாவியோடு சேர்ந்தே வரும். ஆண்ட்ராய்டு பேசிகளில் கூகலின் வைட்வைன், ஐஃபோனில் ஆப்பிளின் ஃபேர்பிளே ஆகிய மென்பொருள்கள் இந்தச் சாவியைக் காக்கின்றன. பேசியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றலாம் என்றால் பெரும்பாலும் நடக்காது.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம், படங்களின் இணைய உரிமை நாடுவாரியாக, காலம் குறித்து விற்கப்படுவதுதான். விஜய்யின் ‘லியோ’ 2023 அக்டோபர் 19ல் திரைக்கு வந்தது. நெட்ஃபிளிக்சில் இந்தியாவுக்கு நவம்பர் 24, வெளிநாடுகளுக்கு நவம்பர் 28. சென்னையில் இருக்கும் தங்கை பார்த்து முடித்த படத்துக்கு உட்லண்ட்சில் இருக்கும் அண்ணன் நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இருவரும் சந்தா கட்டுபவர்கள்தாம்!

இந்த எரிச்சலில்தான் சிலர் ‘எல்லாம் வரும்’ என்று விற்கப்படும் ஆண்ட்ராய்டு பெட்டியை நாடுகிறார்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டு ஒளிபரப்பைக் காட்டும் பெட்டிகளை விற்போருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் நடந்த சோதனையில் 17 பேர் கைதாகினர். கடை மூடினால் வாங்கியவரின் பணமும் போனதுதான்.

சந்தா கட்டுபவருக்குச் சிறு வழி இருக்கிறது. கெடு ஏழு நாளுக்குக் குறைந்தால், பதிவிறக்கப் பட்டியலில் மீதி நேரம் தெரியும். காலாவதியான படத்தைப் புதுப்பிக்க இணையம் வேண்டும். சில படங்களை இத்தனை முறைதான் புதுப்பிக்கலாம் என்ற வரம்பும் உண்டு. ஆகவே வீட்டு வைஃபையில் இருக்கும்போதே பட்டியலைத் திறந்து கெடுவைப் பார்த்துவிடுங்கள். படத்தை மட்டும் விமானம் ஏறும்வரை ஓடவிடாதீர்கள்.