உலோகத்தைக் கவ்வும் கொடுக்கு

சௌராஸ்தா சந்தையில் நண்டின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி விற்பதை நாம் கண்டிருக்கிறோம். உலோக அணுவைப் பல புறங்களிலிருந்தும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுக்கு வேதியியலார் சூட்டிய 'கீலேட்' என்னும் பெயர், நண்டுக்கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. தமிழில் அப்பிணைப்பைக் கொடுக்கிணைப்பு என்கிறோம்; பொருளைக் கண்முன் நிறுத்தும் நல்ல கலைச்சொல் அது.

எம்.ஆர்.ஐ. படத்தில் திசுக்களை வேறுபடுத்திக் காட்டக் கடோலினியம் என்னும் உலோகத்தை இரத்தத்தில் செலுத்துவர். அதன் இணைசேரா 7 எலக்ட்ரான்கள் அருகிலுள்ள நீரின் காந்த நிலையை மாற்ற, அவ்விடம் படத்தில் ஒளிரும். தனித்துவிட்டால் அது நஞ்சு. ஆகவே, 8 அணுக்களால் பற்றும் டி.டி.பி.ஏ. என்னும் கொடுக்கில் அடக்கித் தருகின்றனர். 1988இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆயினும் இம்மருந்து புற்றுக்கட்டியை மட்டும் தேடிச் செல்லாது.

தேடிச் செல்வது எதிர்ப்பொருள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் வழியைக் கண்டபின், அதன்மேல் கொடுக்கைப் பொருத்தும் முயற்சிகள் பெருகின. பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் எதிர்ப்பொருள் ஆய்வு நடைபெறுவதால், இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

ஒரு கணக்கிடுவோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமாகத் தரப்படும் கடோலினியம் 6 மில்லிமோல், ஏறத்தாழ 1 கிராம். ஓர் எதிர்ப்பொருளுக்கு 4 கொடுக்குகள் எனக் கொண்டால், அதே அளவு உலோகத்தைச் சுமக்க 225 கிராம் எதிர்ப்பொருள் வேண்டும்! கட்டியிலேயே குவிவதால் அத்தனையும் தேவைப்படாது என்பது மெய்யே; எனினும் இடைவெளி பெரிது. கொடுக்குகளைக் கூட்டினாலோ, எதிர்ப்பொருளின் பற்றும் நுனிகள் மறைந்து அது தன் இலக்கையே மறந்துவிடும்.

எனவே மிகச் சிறிய அளவிலேயே புலப்படும் கதிரியக்க உலோகங்களை நாடினர். எதிர்ப்பொருள் கட்டியை அடையச் சில நாள்கள் ஆகும். இண்டியம்-111இன் அரை ஆயுள் 2.8 நாள். இரண்டும் பொருந்தின. புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கான புராஸ்டாசிண்ட் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நுனிகளுக்கு ஊறு நேராவண்ணம், எதிர்ப்பொருளின் அடித்தண்டிலுள்ள சர்க்கரைச் சங்கிலியில் கொடுக்கைப் பொருத்தியிருந்தனர். நுட்பமான வேலைதான். ஆனால் அவ்வெதிர்ப்பொருள் நாடிய இலக்கோ புற்றணுவின் உட்புறத்தில் இருந்தது; உயிருள்ள அணுவினுள் அது புக இயலாமல், பெரும்பாலும் சிதைந்த அணுக்களிலேயே ஒட்டியது. பின்வந்த ஆய்வாளர் அதே புரதத்தின் வெளிப்புறத்தைப் பற்றும் ஜே591 என்னும் எதிர்ப்பொருளைத் தேர்ந்து, சிர்க்கோனியம்-89ஐ அதில் ஏற்றினர்.