போர்கோ வெக்கியோவின் பிரதிநிதி உரோமாபுரியில் என்ன செய்கிறார்?

துறைமுகத்திற்கும் பொலித்தேயாமா அரங்கிற்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் போர்கோ வெக்கியோவில், தேர்தல் காலம் வந்தால் வேட்பாளர்களின் முகங்கள் சுவர்களில் நிறைந்துவிடும். பிரசாவுரிமை பெறாத எம்மவர்க்கு அவை வெறும் காட்சியே. எனினும், எமது வதிவிட அனுமதியையும் எம் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் தீர்மானிக்கும் சட்டங்களை ஆக்குவோர் அவர்களே.

2017 டிசெம்பர் 23ஆந் திகதியை நினைவிற் கொள்வோம். இத்தாலியிற் பிறந்த, அல்லது இங்கு கல்வி கற்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பிரசாவுரிமையை எளிதாக்கும் மசோதா, 2015 ஒக்ரோபரிற் கீழ்ச்சபையில் நிறைவேறியிருந்தது. ஈராண்டுகள் இழுபட்டு மேற்சபையில் எடுக்கப்பட்ட அன்று, போதிய உறுப்பினர் அவையில் இல்லை. கோரமின்றிச் சபை ஒத்திவைக்கப்பட்டது. சில நாட்களில் பாராளுமன்றமே கலைக்கப்பட, மசோதாவும் மடிந்தது. எதிர்த்து வாக்களித்து அதனை எவரும் வீழ்த்தவில்லை, வராதிருந்தே வீழ்த்தினர்.

ஆகவே 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டமே இன்றும் எம்மை ஆள்கிறது. இங்கு பிறந்த பிள்ளை 18 வயதுவரை இடையறாது இங்கு வாழ்ந்து, அதன்பின் ஓராண்டிற்குள் விண்ணப்பிக்க வேண்டும். வளர்ந்தோர்க்குப் பொதுவாக 10 ஆண்டு வதிவு தேவை. இதனை 5 ஆகக் குறைக்கக் கோரி 2025 யூன் 8, 9ஆந் திகதிகளில் நடந்த சர்வசன வாக்கெடுப்பும், ஏறத்தாழ 30 வீதத்தினரே வாக்களித்தமையாற் செல்லுபடியாகாது போயிற்று.

வந்தார் யார், வராதார் யார் என அறிவதற்கு வாக்குரிமை தேவையில்லை. 2022 தேர்தல் முதல் கீழ்ச்சபையில் 400 உறுப்பினர், மேற்சபையில் தெரிவுசெய்யப்பட்டோர் 200 பேர். பலேர்மோ, கீழ்ச்சபைக்குச் 'சிசிலியா 1' தொகுதியைச் சேர்ந்தது. ஒவ்வொருவரும் முன்வைத்த மசோதா, எழுப்பிய வினா, ஆற்றிய உரை யாவும் சபைகளின் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓப்பன்போலிஸ் என்னும் அமைப்பு இவற்றைத் தொகுத்து ஆராய்ந்து வருகிறது. இலங்கையில் ஹன்சாட்டைக் கொண்டு 225 உறுப்பினரையும் வெரிட்டே ஆய்வு நிறுவனம் அளவிட்டதும் இத்தகைய முயற்சியே.

வரவு வீதத்தை மட்டும் பார்த்து ஒருவரைச் சோம்பேறி எனல் தகாது. அது மின்னியல் வாக்கெடுப்புகளைக் கொண்டே கணிக்கப்படுகிறது. குழுக்களிற் செய்யும் உழைப்பு அதில் தெரியாது. உத்தியோக கடமையில் இருப்போர் தனியாகக் குறிக்கப்படுவர்.

எம்மைக் கேட்டால், எழுத்துமூல வினாக்களையே முதலிற் புரட்டச் சொல்வோம். கீழ்ச்சபை விதிப்படி அரசாங்கம் 20 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். மாதக்கணக்கிற் கிடப்பனவும் உண்டு. வினாவைக் கொடுத்துவிட்டுப் பத்திரிகைக்குப் படம் பிடிப்பதோடு உறங்கிவிடும் உறுப்பினரும் உளர். விடை கிடைத்ததா, கிடைக்காவிடின் அவர் மீண்டும் வற்புறுத்தினாரா என்பதையே கவனிக்க வேண்டும்.

கீழ்ச்சபையில் அமைச்சர்கள் நேரிற் பதிலளிக்கும் வினா நேரம் வழமையாகப் புதன்கிழமை பிற்பகலில் நேரடியாக ஒளிபரப்பாகிறது. இத்தாலியப் பள்ளியிற் படிக்கும் பிள்ளை அருகில் இருந்தால் மொழிச் சிரமம் பாதியாகும்.